லேஸ் போர்த்திய பலகை

குலிஸார் டீச்சரின் பிடிவாதத்தைச் சொல்லி முடியாது. துருக்கியில் விரான்ஷெஹிர் பக்கத்திலுள்ள எங்கள் ஊர்ப் பள்ளிக்கு அரசாங்கம் தொடுதிரைப் பலகைகளை அனுப்பியபோது மற்ற வகுப்புகளில் கைதட்டினார்கள். இவர் மறுநாள் வீட்டிலிருந்து, தானே பின்னிய வெள்ளை லேஸ் துணியைக் கொண்டுவந்து அதன்மேல் போட்டு மூடிவிட்டார். எல்லார் வீட்டிலும் டிவிக்கு அப்படித்தான் போர்த்தி வைப்போம். ஆனால் டிவியைப் பார்க்கும்போது எடுத்துவிடுவோம். டீச்சர் எடுக்கவேயில்லை.

தலைமையாசிரியர் தாமெர், டீச்சரைவிடப் பத்து வயது இளையவர். வாசலில் நின்று சிரிப்பார்.

"அக்கா, கல்யாணப் பொண்ணுக்கு முக்காடு போட்ட மாதிரி இருக்கு. எப்பத்தான் முகத்தைக் காட்டப் போறீங்க?"

"அது மூடியே கிடக்கட்டும் தம்பி. புள்ளைங்க என் வாயைப் பார்த்து எழுத்துப் படிக்கணும். கண்ணாடியைப் பார்த்து வாயப் பொளக்க வேணாம்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எங்கள் பிள்ளைகள் வீட்டில் குர்திஷ் பேசுகிறவர்கள். பள்ளிக்கூடத்துத் துருக்கி மொழி அவர்கள் நாக்குக்குப் புதுசு. டீச்சர் முதல் வகுப்புப் பிள்ளையின் முன்னால் மண்டியிட்டு உட்காருவார். அதன் உள்ளங்கையைத் தன் வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு எழுத்தைச் சொல்வார். மூச்சு கையில் எப்படிப் படுகிறதோ, அதை வைத்துப் பிள்ளை எழுத்தைப் பிடித்துக்கொள்ளும். இதை எந்தத் திரை செய்யும், சொல்லுங்கள்.

என்றைக்கு ஒரு பிள்ளை தட்டுத் தடுமாறாமல் படிக்கிறதோ, அன்றைக்கு அதன் நெஞ்சில் சிவப்பு ரிப்பன் குத்திவிடுவார்கள். அதோடு தெருவில் நடந்தால் கடைக்காரர் கூப்பிட்டு ஹல்வா கொடுப்பார். வருஷ ஆரம்பத்திலேயே டீச்சர் வகுப்பில் இருக்கிற அத்தனை பேருக்கும் ரிப்பன் வெட்டி வைத்துவிடுவார். ஆனால் அத்தனையும் செலவானதாகச் சரித்திரமே கிடையாது.

காரணம் ஏப்ரல் மாதம். கூலி வேலைக்கு ஆள் கூட்டிப்போகிற மேஸ்திரியின் வண்டி வரும். பாதி ஊர் குடும்பத்தோடு ஏறி, தொலைவிலுள்ள பொலாத்லிக்கு வெங்காய வயலுக்குப் போகும், அங்கிருந்து கடலோரத்துக்கு ஹேசல்நட் கொட்டை பறிக்கப் போகும். மழை தொடங்கிய பிறகுதான் திரும்பும். படிக்கத் தெரியப் போகிற நேரத்தில் பிள்ளைகள் கிளம்பிவிடும். திரும்பி வரும்போது எல்லாம் மறந்திருக்கும்.

ஹேஜா அப்படித்தான் போனாள். கெட்டிக்காரி. இன்னும் நாலு நாள் இருந்திருந்தால் ரிப்பன் வாங்கியிருப்பாள். வயலிலிருந்து திரும்பி வந்தபோது ஒரு எழுத்தும் நினைவில்லை. சின்னப் பிள்ளைகளோடு உட்கார வெட்கப்பட்டுக் கடைசி பெஞ்சில் குனிந்தே இருந்தாள். ஒருநாள் வராமலே நின்றுவிட்டாள். அவளுக்கு வெட்டிய ரிப்பனை டீச்சர் எறியவுமில்லை, வேறு பிள்ளைக்குக் குத்தவுமில்லை. மேஜை டிராயரில் போட்டு வைத்திருந்தார். கல்யாணம் காட்சி என்று எதுவும் செய்துகொள்ளாத மனுஷி. வண்டி போன பிறகு காலி பெஞ்சுகளைப் பார்த்துப் பார்த்து ஏங்குவார். மதியச் சாப்பாடு இறங்காது.

இந்த வருஷம் ஹேஜாவின் தங்கை ஸோஸானின் முறை. வண்டி நின்ற இடத்துக்கே டீச்சர் போய், அப்பா ஷெஹ்மூஸிடம் கேட்டார்.

"இவளை என் வீட்டுல விட்டுட்டுப் போப்பா. என் பிள்ளை மாதிரிப் பார்த்துக்கறேன்."

"உங்க மனசு தெரியாதா டீச்சரம்மா? ஆனா கூடாரத்துல கைக்குழந்தையை யாரு பார்த்துக்குவா? நாங்க எல்லாரும் வயல்ல நிப்போம்."

டீச்சர் தான் எழுதிக் கொண்டுவந்திருந்த எழுத்துத் தாள்களை ஸோஸானின் கையில் திணித்தார். ஸோஸான் மூட்டைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு கத்தினாள்.

"டீச்சர், என் ரிப்பனை யாருக்கும் குடுத்துராதீங்க!"

"மாட்டேன்டீ கண்ணு. படிச்சாத்தான் உனக்கும் உண்டு."

வண்டி புழுதியில் மறைந்தபின் டீச்சர் அழுதார். நான்கு பேர் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்கவில்லை.

கொஞ்ச நாளில் தாமெர் கையில் ஃபோனோடு ஓடிவந்தார். டீச்சரிடம் இருந்தது பழைய பட்டன் ஃபோன்தான். மேஸ்திரியின் ஃபோனிலிருந்து தாமெருக்குக் குரல் செய்தி வந்திருந்தது. ஹேஜாவின் குரல்.

"சார், டீச்சர்கிட்ட கேளுங்க. தாள் குடுத்து அனுப்பினாங்கல்ல, அதுல ஒரு எழுத்தை ஸோஸானுக்குச் சொல்ல வரல. எனக்கும் தெரியல. தினமும் கேட்டுக் கேட்டு என் உயிரை வாங்குறா."

டீச்சர் ஃபோனை வாயருகே வைத்து எழுத்தைச் சொன்னார். மறுபடி சொன்னார். பிறகு ஆத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார்.

"இதுல என்னத்தைப் புரியும்? வாயைப் பார்க்காம எப்படி?"

"பார்க்கலாமே அக்கா," என்றார் தாமெர் மெதுவாக. கண் லேஸ் துணிமேல் இருந்தது.

டீச்சர் அவரை முறைத்தார். ஜன்னல் பக்கம் போய் நின்றார். திரும்பி வந்து லேஸை எடுத்து, நாலாக மடித்து, பையில் வைத்தார்.

அன்று முதல், வயலில் சாப்பாட்டு நேரம் வந்தால் எங்கள் பள்ளியில் வீடியோ அழைப்பில் பாடம். தாமெரின் ஃபோன் மேஜைமேல் டீச்சரைப் பார்த்து நிற்கும். அதோடு இணைத்த பலகையில் நீலக் கூடாரமும் ஸோஸானும் அவள் மடியில் குழந்தையும் தெரியும். மேஸ்திரி பின்னாலிருந்து, "சீக்கிரம் சீக்கிரம், சார்ஜ் தீருது" என்று பிராணனை வாங்குவார். ஃபோனைப் பிடித்துக்கொள்வது ஹேஜா. அவள் முகம் திரைக்கு வராது. எப்போதாவது விரல் மட்டும் மறைக்கும்.

ஆனால் மூச்சுக்கு என்ன செய்வது? டீச்சர் யோசித்துச் சொன்னார்.

"ஹேஜா, நான் சொல்றதை நீ அவ கைமேல சொல்லு. காத்து படணும். நல்லாப் பார்த்து, என் வாய் போற மாதிரியே சொல்லு."

ஒவ்வொரு எழுத்தும் அப்படித்தான் போனது. டீச்சர் வாயிலிருந்து ஹேஜா வாய்க்கு, அங்கிருந்து ஸோஸான் கைக்கு. பலகையைத் திட்டிய அதே டீச்சர் இப்போது காலையில் வந்ததும் அதைத் துணியால் துடைத்தார். கரண்ட் போனால் மின்சார ஆபீசையே சபித்தார்.

ஜூன் மாதம், பள்ளி மூடுவதற்கு முன்பு, டீச்சர் ஒரு அட்டையில் எழுதி ஃபோனுக்கு முன்னால் பிடித்தார். ஸோஸான் முன்னே பார்த்திராத வரி. அவள் திரைக்குக் கிட்டே குனிந்து படித்தாள்.

"பூனை... பால் குடித்தது. நாய்... பார்த்துக்கொண்டே இருந்தது."

பிள்ளைகள் பெஞ்சுமேல் ஏறிக் குதித்தார்கள். டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. வெயிலில் கறுத்துப்போன அந்தக் கன்னத்தைத் தடவக் கையை நீட்டினார். விரல் பட்டதும் பலகை கறுத்தது. அழைப்பு அறுந்து போயிருந்தது.

"ஐயோ டீச்சர், என்ன பண்ணீங்க!" என்று வகுப்பே அலறியது. கறுத்த திரையில் தன் முகம் மட்டும் தெரிய, டீச்சர் அப்படியே நின்றார். கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததாக நினைத்த பிள்ளை எவ்வளவு தொலைவில் இருக்கிறாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

தாமெர் மறுபடி அழைத்தார். ஸோஸான் அழுதுகொண்டிருந்தாள்.

"கோவமா டீச்சர்? தப்பாப் படிச்சுட்டேனா?"

"இல்லடீ என் தங்கமே, என் கைதான் தப்புப் பண்ணிருச்சு. ஹேஜா, இவளுக்கு ரிப்பன் குத்தணுமே, அங்க சிவப்பா ஏதாவது இருக்கா?"

வெங்காயம் கட்டுகிற வலைச் சாக்கு அங்கே எல்லாம் சிவப்புத்தான். ஹேஜா ஒரு நூலைப் பிய்த்து, ஃபோனை ஒரு கல்லில் சாய்த்து வைத்துவிட்டு, முதல்முறையாகத் திரைக்குள் வந்தாள். வளர்ந்துவிட்டிருந்தாள். தங்கையின் சட்டைப் பொத்தானில் நூலைக் கட்டினாள். பிறகு போகாமல் நின்றாள்.

"டீச்சர்... எனக்கும் ஒண்ணு வெட்டி வெச்சிருந்தீங்களே. அது இன்னும் இருக்கா?"

டீச்சர் டிராயரைத் திறந்தார்.

"மொதல்ல படி."

வேறொரு அட்டையை எடுத்து எழுதி நீட்டினார். ஹேஜா தன் உள்ளங்கையை வாய்க்கு நேரே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிப் பார்த்தாள். ஒரு இடத்தில் திக்கினாள். வகுப்பில் ஒரு பிள்ளையும் எடுத்துக் கொடுக்கவில்லை.

"மழை வந்ததும்... வீடு திரும்புவோம்."

ஸோஸான் இன்னொரு நூலைப் பிய்த்துக்கொண்டு அக்காமேல் பாய்ந்தாள். பலகையில் இரண்டு முகங்களும் பெரிதாக, மிக அருகில் சிரித்தன. டீச்சர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கோத்துக்கொண்டு, பலகையைத் தொடாமல் நின்று பார்த்தார். அந்தக் கைக்குள் ஹேஜாவின் பழைய ரிப்பன் இருந்தது.