சும்மா கும் லாடே

துபாய் சத்வாவில் இருந்த எங்கள் சிறிய அலுவலகத்தில் அந்தப் பெண் புதிதாகச் சேர்ந்தபோது, அவளுடைய பட்டச் சான்றிதழை நான்தான் கோப்பில் வைத்தேன். பெயருக்குக் கீழே ‘சும்மா கும் லாடே’ என்று இருந்தது. அன்றே தேடிப் பார்த்துவிட்டேன். லத்தீனில் ‘மிக உயர்ந்த புகழுடன்’ என்று பொருள். அமெரிக்காவின் பழைய கல்லூரிகள் பரப்பிய வழக்கம். மூன்று படிகளில் இதுதான் உச்சம்.

நான் பட்டம் பெறாத யாழ்ப்பாணத்துக்காரன். அவளோ மலையகத்துத் தேயிலைத் தோட்டத்துப் பெண். அவள் அம்மா இங்கே அரபி வீடொன்றில் சமைத்து அவளைப் படிக்க வைத்திருந்தாள். அது எனக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் எல்லோர் முன்னாலும் கேட்டேன்: “பிள்ளை, நாலு வருசம் சும்மா இருந்ததுக்கோ உமக்குப் பட்டம் தந்தவை?”

“இல்லண்ணா, அது லத்தீன்...” என்று அவள் தொடங்கியது சிரிப்பில் அமுங்கிப்போனது. அன்றிலிருந்து அவள் பெயர் சும்மா. அலுவலகத்திலிருந்த மலையாளிகளுக்கும் அந்தச் சொல் புரிந்ததால் பகிடி எளிதாகப் பரவியது.

சில மாதங்களில் ஆட்குறைப்பு வந்தது. எகிப்திய மேலாளர் என்னை அழைத்து, அவளை எல்லோரும் கூப்பிடும் அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார்.

“வேலை செய்யாமல் இருப்பவள்” என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டார்.

வேலை போன அவள், தன் கடைசி நாளில் என் மேசைக்கு வந்தாள். “அண்ணா, நீங்க எனக்காக ஒரு வார்த்த பேசியிருக்கலாமே? அவரு ஒங்க பேச்சக் கேப்பாரே.”

“நான் கதைச்சுப் பாத்தனான், பிள்ளை. அவர் கேக்கேல்லை.”

அவள் அதை நம்பினாள். எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.