துலேகென் வெட்டிக் குறைத்த பயோடேட்டா

துலேகெனுக்கு வேலை போய் ஒரு குளிர்காலம் முழுசாகக் கழிந்துவிட்டது. அல்மாத்தி நகரத்தில் ஒரு வங்கியின் டேட்டா பிரிவுக்கே தலைவராக இருந்தவர். முனைவர் பட்டம் வேறு. மறுபடி நாற்காலியில் உட்கார்ந்து அதிகாரம் பண்ண அவருக்கு ஆசையில்லை; தன் கையால் புரோகிராம் எழுதும் வேலை கிடைத்தால் போதும். அதைத்தான் ஒருத்தரும் நம்பவில்லை. "உங்க தகுதிக்கு இது சின்ன வேலைங்க" என்று போன இடமெல்லாம் கும்பிடு போட்டு அனுப்பினார்கள்.

கடைசியில் மனைவி ரௌஷான் பயோடேட்டாவைப் பிடுங்கினாள்.

"இந்த முனைவர் பட்டம் சோறு போட்டுச்சா? தூக்குங்க. நாப்பது பேர மேய்ச்சேன்னு எழுதினா எவன் பக்கத்துல வச்சுக்குவான்?"

"அப்புறம் என்னதான் மிஞ்சும்?"

"வேலை தெரிஞ்ச மனுஷன் மிஞ்சுவான்."

பொய் ஒன்றும் எழுதவில்லை, மறைத்ததுதான். ஆனாலும் பாதி ஆயுளை அழித்துவிட்ட மாதிரி அவருக்கு இருந்தது.

வெட்டியது பலித்தது. ஒரு சரக்கு லாரிக் கம்பெனியில் கூப்பிட்டார்கள். தேர்வுக்குக் கொடுத்த வேலையை இளவட்டங்களைவிட வேகமாக முடித்தார். டீம் தலைவன் மிராஸ், அவர் மகன் வயதுக்காரன், "பின்னிட்டீங்கண்ணே" என்று சாப்பிடவும் இழுத்துப் போனான். டீமில் ஒருவன் புதுக் கார் வாங்கிய விருந்து அன்றைக்கு.

அங்கேதான் வினை வந்தது. வேகவைத்த ஆட்டுத்தலையை, வயதில் மூத்தவர், அறுத்துப் பங்கு போட வேண்டியவர் என்று அவர் முன்னால் வைத்துவிட்டார்கள். வைத்தால் மறுக்க முடியுமா? எத்தனையோ விருந்தில் பழகிய கை. காதை அறுத்துப் பக்கத்திலிருந்த மிராஸிடம் நீட்டினார். காது சின்னப் பிள்ளைகளின் பங்கு. பெரியவர்கள் சொல் கேட்டு நட என்று கொடுப்பது. தனக்கு மேலே இருக்கப் போகிறவனையே சின்னப் பிள்ளையாக்கிவிட்டோம் என்று கொடுத்த பிறகுதான் உறைத்தது, பாவி மனுஷனுக்கு. மிராஸ் எழுந்து நின்று, இரண்டு கையாலும் வாங்கித் தின்றான்.

மறுநாள் மிராஸிடமிருந்து போன் வந்தது.

"அண்ணே, நீங்க எவ்வளவு பெரிய ஆளுன்னு நேத்தே தெரிஞ்சுபோச்சு. நாளைக்கு உங்க வேலையில ஒரு தப்புன்னா நான் எப்படிக் கேப்பேன்?"

"கேளு தம்பி. திட்டு. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

"எனக்கு நாக்கு எழாதுண்ணே."

மிராஸ் தயங்கித் தயங்கிப் பேசினான்.

"எனக்குப் பையன் பொறந்திருக்கான். எங்கப்பா உயிரோட இல்ல. ஞாயித்துக்கிழமை நீங்கதான் வந்து பேர் வச்சு வாழ்த்தணும்."

எந்தப் பெரியவரும் தட்டக்கூடாத அழைப்பு அது. "வர்றேன் தம்பி" என்றார்.

"வேலை கிடைச்சுதா?" என்று ரௌஷான் அடுக்களையிலிருந்து கேட்டாள்.

"இல்ல. ஞாயித்துக்கிழமைக்கு அந்த நல்ல கோட்ட எடுத்து வை. பெரிய மனுஷனாப் போகணும்."