ஐம்பத்தெட்டு கிலோ அக்கா

"எனக்கு உயரம் தெரியணும், எடை தெரியணும். முகம் எதுக்குங்க? நாலாயிரம் பேருக்கு ஓட்டியாச்சு, ஒரு முகம் பார்த்ததில்லை. இனியும் பார்க்க மாட்டேன்."

ஆஸ்பத்திரி கேன்டீனில் இப்படிப் பிரகடனம் செய்தவர் நமது பம்புக்காரர். முகத்துக்கும் கொஞ்சம் ரத்தம் போகத்தானே செய்கிறது என்று எதிரே இருந்த மயக்க மருந்து டாக்டர் சொல்ல நினைத்தார். வாய் நிறைய பிஸ்கட் இருந்ததால் அந்தப் பிரகடனம் மறுப்பின்றி நிறைவேறியது.

பம்புக்காரர் என்றதும் கிணறு, மோட்டார் என்று போய்விட வேண்டாம். இதயத்தைத் திறந்து வேலை பார்க்க, அதைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைக்க வேண்டும். அதுவரை உடம்பெங்கும் ரத்தத்தை ஓட்டுவதற்கு ஒரு மெஷின் உண்டு. அதை ஓட்டுகிறவர் அவர். சர்ஜன் தையல் போட்டுப் பேர் வாங்கிக்கொண்டு போவார்; இவர் மூக்கு நுனியில் கண்ணாடியும் மடியில் கணக்குத் தாளுமாகக் குழாய்களையே முறைத்துக்கொண்டிருப்பார். ஆபரேஷன் தியேட்டருக்குள் வரும்போது நோயாளி துணிக்குள் இருப்பார், போகும்போதும் துணிக்குள்தான். பிறவியிலேயே விழுந்த ஓட்டையோடு ஐம்பது வயது வரை நடமாடியவர்கள், லட்சத்தில் ஒருவருக்கு வரும் கட்டியைச் சுமந்தவர்கள் எல்லோரும் அவர் கைவழியே போயிருக்கிறார்கள். தெருவில் எதிரே வந்தால் அவருக்கும் அவர்களைத் தெரியாது, அவர்களுக்கும் அவரைத் தெரியாது. அந்த வகையில் பூரண சமத்துவம்.

அவருக்கு ஓர் அக்கா. கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறவர். கற்க வருகிறவர் கியரைத் தப்பாகப் போட்டால், அந்தத் தப்பு, அவருடைய புத்தி, அவரை அனுப்பிவைத்த குடும்பம் மூன்றையும் ஒரே மூச்சில் விசாரிக்கக்கூடியவர். அந்த மூச்சு சில மாதங்களாகப் பாதியிலேயே நிற்க ஆரம்பித்தது. குனிந்து செருப்பு மாட்டினால் கண் இருட்டியது. ஒரு மாணவர் கேட்டை இடித்த அன்று அக்காவால் நாலு வார்த்தைக்கு மேல் திட்ட முடியவில்லை. பயந்துபோன அந்த மாணவரே ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தார். வண்டியை ஓட்டியது அக்காதான்.

ஸ்கேன் பார்த்தார்கள். இதயத்தின் இடது மேலறையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி, காம்பில் தொங்கிக்கொண்டு, ஒவ்வொரு துடிப்புக்கும் வால்வு வாசலை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. புற்று இல்லை. ஆனால் ஒரு துணுக்கு உடைந்து மூளைக்குப் போனால் தீர்ந்தது. நாளை மறுநாளே ஆபரேஷன் என்றார் சர்ஜன்.

சொந்த அக்கா, வேறு ஆளைக் கூப்பிடட்டுமா என்று அவர் கேட்டதற்குப் பம்புக்காரர் விறைத்துக்கொண்டு, மற்ற கேஸ் மாதிரிதான் இதுவும் என்று சொல்லிவிட்டார். அக்காவும் அவன்தான் ஓட்டணும் என்று ஒற்றைக் காலில் நின்றார். கொள்கைப்படி பம்புக்காரர் வார்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. தம்பி வரலையா என்று அக்கா நர்ஸிடம் சொல்லி அனுப்ப, தியேட்டரில் பார்த்துக்கலாம் என்று பதில் போனது.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மாலை வார்டிலிருந்து தாள் வந்தது. உயரம் நூற்று ஐம்பத்தேழு, எடை ஐம்பத்தெட்டு. கை பழக்கத்தில் கணக்குப் போட்டு, நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் ரத்தம் என்று எழுதி அடிக்கோடும் போட்டது. பிறகுதான் பேனா நின்றது.

ஐம்பத்தெட்டு கிலோ என்பது அக்கா லைசென்ஸ் வாங்கிய வருஷத்து எடை. அதன்பின் இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். போன மாதம் பம்புக்காரர் வீட்டிலேயே பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று அக்காவின் பொருட்டு உயிர்நீத்தது. வார்டு எடை மெஷினில் பேட்டரி தீர்ந்திருந்ததால், வாயால் கேட்டு எழுதியிருக்கிறார்கள்.

பம்புக்காரர் பக்கத்து வார்டு எடை மெஷினைத் தூக்கிக்கொண்டு அக்காவிடம் போனார்.

"ஏறு."

"அதான் சொல்லியாச்சேடா."

"ஏறுக்கா."

"செருப்போட ஏறினா கூடக் காட்டும்."

"கழட்டிட்டு ஏறு."

எழுபத்து மூன்று. நர்ஸ் நாகரிகம் கருதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இந்த மெஷின் சரியில்லை என்று அக்கா தீர்ப்பளித்தார்.

பம்புக்காரர் வாதாடவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "அந்த அம்பத்தெட்ட நம்பி நான் கணக்கே போட்டுட்டேன்கா. நிமிஷத்துக்கு அரை லிட்டர் குறைச்சல். நீ வேற யாரோவா இருந்திருந்தா அப்படியே விட்டிருப்பேன்."

ரத்த ஓட்டம் குறைந்தால் காட்டிக்கொடுக்கப் பம்பு மெஷினில் வேறு அளவுகள் உண்டு; அது அவருக்கே தெரியும். ஆனாலும் பையிலிருந்த தாளை எடுத்து, அந்த ஐம்பத்தெட்டைத் தாள் கிழியும் அளவுக்கு அடித்தார். அக்கா அதைப் பார்த்துவிட்டார்.

"எனக்கே பயமில்லை, உனக்கென்னடா? ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோ. முடிஞ்சு இதயம் தானா ஓட ஆரம்பிக்கிறப்போ கிளட்ச்சைச் சட்டுனு விட்டுடாதே. உனக்கு அந்தப் பழக்கம் உண்டு."

தம்பிக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவருக்கு இதைச் சொல்ல உரிமை உண்டு.

மறுநாள் கட்டி சிதறாமல் முழுசாக வந்தது. இதயம் மறுபடி துடிக்கத் தொடங்கியதும் சர்ஜன் மெஷினைக் குறைக்கச் சொன்னார். பம்புக்காரர் குறைத்தார், குறைத்தார், குறைத்துக்கொண்டே இருந்தார். தூங்கிட்டீங்களா என்று சர்ஜன் கேட்கும் அளவுக்கு மெதுவாகக் குறைத்தார். இதயம் இரண்டு தரம் தடுமாறி, மூன்றாம் தரம் பிடித்துக்கொண்டு தன்பாட்டுக்கு ஓடியது. ஐந்தாம் நாள் அக்கா, ஆறிப்போன காபியைப் பற்றி வார்டு முழுக்கக் கேட்கும்படி ஒரே மூச்சில் பேசினார்.

அடுத்த வாரத்து கேஸ், ஐம்பது வயதுத் தபால்காரர். இதயச் சுவரில் பிறவி ஓட்டை. அது தெரியாமலே முப்பது வருஷம் சைக்கிள் மிதித்தவர். ஆபரேஷனுக்கு முந்தின மாலை, அவர் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு ஒருவர் உட்கார்ந்தார். எந்தத் தெருவெல்லாம் உங்க பீட், நாய்த் தொல்லை உண்டா என்று கேட்டார்.

தபால்காரர் ஒவ்வொரு நாயாகச் சொல்லிக்கொண்டு வந்தார். பம்புக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.