கேட்காமல் உரசிய நிப்

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் எங்கள் கோவில் அலுவலகத்தில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறேன். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றுக்கும் தனித்தனிப் பதிவேடு உண்டு. எல்லாவற்றையும் கம்ப்யூட்டரிலும் ஏற்றுகிறோம். ஆனால் கையால் எழுதியதுதான் மூலம். பால்பாயின்டில் எழுதிய பழைய பக்கங்கள் சில, மழைக்காலத்து ஈரத்தில் எண்ணெய் கசிந்து மறுபக்கம் வரை ஊறிப்போயிருந்தன. அதைப் பார்த்த நாளிலிருந்து, பதிவேட்டுக்கென்றே விற்கிற மையைத்தான் வாங்குகிறேன். எழுதும்போது நீலமாக இருக்கும், சில நாளில் கறுத்துவிடும், தண்ணீர் பட்டாலும் போகாது. ஒரே தொல்லை, பேனாவுக்குள் காய்ந்து அடைத்துக்கொள்ளும்.

என் பேனா அப்படித்தான் அடைத்துக்கொண்டது. ஒரு குழந்தையின் பெயரை எழுதப் போனால் பாதிப் பெயர்தான் வரும். வெந்நீரில் ஊறப் போட்டேன், உதறினேன், என் வெள்ளைச் சுவரில் ஏழெட்டுப் புள்ளி விழுந்ததுதான் மிச்சம்.

எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் அக்கா மகள் அப்போதுதான் சொன்னாள். "சித்தி, எங்க பேனா குரூப் இருக்குல்ல, மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை மீட் பண்ணுவோம். அவங்கவங்க பேனா, நிப், இங்க் எல்லாம் கொண்டு வந்து மாத்தி மாத்தி எழுதிப் பார்ப்போம். ரிப்பேர் தெரிஞ்சவங்களும் வருவாங்க. வாங்களேன்."

போனேன். ஒரு காபிக் கடையின் மாடி. பதினைந்து பேர் இருந்திருப்பார்கள். ஜிப் வைத்த தோல் உறைகளைத் திறந்து மேசையில் பரப்பியிருந்தார்கள். நகைக்கடையில் தட்டை எடுத்து வைப்பார்களே, அந்த மாதிரி. என்னை யாரும் பெயர் கேட்கவில்லை. "என்ன பேனா வெச்சிருக்கீங்க?" என்றுதான் கேட்டார்கள். சொன்னதும், "ஓ" என்று ஒரு சத்தம்.

முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். மையை முகர்ந்தார்கள். ஒரு பச்சைக்கும் இன்னொரு பச்சைக்கும் உள்ள வித்தியாசத்தை ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். பேனாவை வாங்கி, தாளில் நாலு வளையம் போட்டு, தங்கள் பெயரை எழுதி, "வாவ்" சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள். அவ்வளவுதான். எனக்கு அலுத்துவிட்டது. பக்கத்திலிருந்த பையனிடம், "இதையெல்லாம் வெச்சு என்னப்பா எழுதுறீங்க?" என்று கேட்டேன். அவன் யோசித்து, "என்கிட்ட என்னென்ன இங்க் இருக்குன்னு ஒரு நோட்டுல எழுதி வெச்சிருக்கேன் ஆன்ட்டி" என்றான்.

ரிப்பேர் தெரிந்தவர் என்று அக்கா மகள் காட்டியவர் மல்லேஸ்வரத்துக்காரர். தாத்தா காலத்திலேயே மைசூர் அரசாங்க வேலைக்கு வந்துவிட்ட தமிழ்க் குடும்பம். இவரும் அரசாங்க இன்ஜினியராக இருந்து ரிடையர் ஆனவர். தமிழில் ஆரம்பிக்கும் பேச்சு கன்னடத்தில் போய் முடியும்.

"கொடுங்கம்மா. ஒந்து நிமிஷா" என்று என் பேனாவை வாங்கினார். கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நிப்பையும் அதற்கு அடியில் மை ஓடும் கறுப்புக் கட்டையையும் உருவி, சின்ன பிரஷால் தேய்த்துக் கழுவினார். திரும்ப மாட்டி எழுதினால் மை தண்ணீர் மாதிரி ஓடியது. உண்மையிலேயே கையெடுத்துக் கும்பிட்டேன். அதோடு பேனாவை வாங்கிப் பையில் போட்டிருக்க வேண்டும். அக்கா மகள் ஏதோ ஒரு மையைக் காட்டக் கூப்பிட்டாள் என்று எழுந்து போனேன்.

திரும்பி வந்தபோது அவர் என் நிப்பை நைசான உப்புத்தாள் ஒன்றில் வைத்து, எட்டுப் போட்டு உரசிக்கொண்டிருந்தார்.

"சார், என்ன பண்றீங்க?"

"ஆய்த்தும்மா, ஆய்த்து. நுனி உருண்டையா இருந்தா என்ன சுகம்? பட்டையாக்கிட்டேன். இப்ப எழுதுங்க, கல்யாணப் பத்திரிகை மாதிரி வரும்."

எழுதினேன். கீழே இழுத்தால் தடி, பக்கவாட்டில் இழுத்தால் நூல். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

"நான் இதைக் கேக்கவே இல்லையே சார்."

"பரவாகில்லா, தேங்க்ஸெல்லாம் வேண்டாம்."

"இல்ல சார். உரசினதைத் திரும்ப ஒட்ட முடியுமா?"

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்பதை அக்கா மகள்தான் முதலில் கவனித்தாள்.

திங்கட்கிழமை ஒரு ஞானஸ்நானத்தைப் பதிவு செய்ய உட்கார்ந்தேன். எங்கள் பதிவேட்டின் கட்டங்கள் குறுகியவை. தாயின் பெயர் கட்டத்தைத் தாண்டித் தகப்பன் பெயரில் போய் இடித்தது. எழுத்துகளின் வயிறெல்லாம் மையால் அடைபட்டு ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியவில்லை. சனிக்கிழமை ஒரு கல்யாணம் வேறு இருந்தது. அக்கா மகளுக்கு போன் செய்து கத்தினேன். அவள் அதை அப்படியே அந்த இன்ஜினியரிடம் சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமை காலை, கல்யாணப் பூசைக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது, அவர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். நாற்பது பேனா அடுக்கிய உறையைத் திறந்து என் மேசையில் வைத்தார்.

"என் தப்புதாம்மா. எது வேணுமோ எடுத்துக்கோங்க. இந்தக் கறுப்புப் பேனா மெல்லிசா எழுதும். கழுவித்தான் வெச்சிருக்கேன்."

முந்தின நாளே கடையில் ஒரு சாதாரணப் பேனா வாங்கியிருக்கலாம். ஏன் வாங்கவில்லை என்று இன்றுவரை என்னை நானே திட்டிக்கொள்கிறேன். கறுப்புப் பேனாவில் என் மையை நிரப்பி, மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், தகப்பன்மார் பெயர் எல்லாம் எழுதினேன். நன்றாகவே எழுதியது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு கோவிலுக்குள் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். வீட்டுக்குப் போங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பூசை முடிந்து கையெழுத்துப் போடும் நேரம். மாப்பிள்ளை போட்டார். பெண் பாதிப் பெயர் போட்டிருப்பாள், பேனா நின்றுவிட்டது. வீடியோக்காரர் லைட்டை அவள் முகத்திலேயே பிடித்துக்கொண்டிருந்தார். அவள் அழுத்தினாள். வரவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்:

"அழுத்தாதம்மா! ஸ்வல்ப இரு!"

முழுக் கல்யாணமும் திரும்பிப் பார்த்தது. அவர் நடுவழியாக வேகமாக நடந்து வந்து, பெண் கையிலிருந்து பேனாவை வாங்கி, கைக்குட்டையால் நிப்பைத் துடைத்தார். துணியில் கட்டி கட்டியாக ஏதோ ஒட்டியது.

"என் பழைய மையும் உங்க மையும் சேர்ந்து திரிஞ்சிடுச்சு போல" என்றார் என்னிடம் மெதுவாக.

"கழுவினேன்னீங்களே சார்?"

"கழுவினேன். ஒரு தடவை."

எனக்கு அந்தப் பதிவேட்டைத் தூக்கி அவர் தலையிலேயே போடலாமா என்றிருந்தது. ஃபாதர் அங்கிக்குள் கைவிட்டு ஒரு பால்பாயின்டை எடுத்து நீட்டினார். மீதிப் பெயரைப் பெண் அதில் போட்டாள். சாட்சிகளும் அதிலேயே போட்டார்கள்.

சாப்பாட்டுக்கு எல்லோரும் ஹாலுக்குப் போன பிறகு அலுவலகத்தில் பதிவேட்டைத் திறந்தேன். மை காய்ந்திருந்தது. அவருடைய பழைய மையில் ஜரிகைத் தூள் கலந்திருக்கிறது. என் ஊரின் மிகக் கண்டிப்பான பதிவேட்டில், மாப்பிள்ளையின் தகப்பனார் பெயர் தங்கமாக மினுமினுத்தது. ஃபாதர் எட்டிப் பார்த்து, "அழிக்கக் கூடாதுல்ல?" என்றார். "கூடாது ஃபாதர்" என்றேன். "அப்ப விடுங்க" என்று சாப்பிடப் போய்விட்டார்.

இன்ஜினியர் சாப்பிடப் போகவில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கைக்குட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார். எனக்கிருந்த ஆத்திரத்தில் கேட்டுவிட்டேன்.

"நாப்பது பேனா வெச்சிருக்கீங்களே சார், ஒண்ணுலயாவது ஒரு பக்கம் முழுசா எழுதிப் பார்த்திருக்கீங்களா? எழுதியிருந்தா இது தெரிஞ்சிருக்கும்ல?"

கைக்குட்டையைப் பைக்குள் வைத்தார்.

"சர்வீஸ்ல இருந்தப்ப ஒரு நாளைக்கு அறுபது எழுபது கையெழுத்து போடுவேம்மா. ஃபைல்ல குறிப்பு எழுதுவேன். ரிடையர் ஆனப்புறம் எழுத ஒண்ணுமே இல்ல. பேங்க்ல கூட விரலை வெக்கச் சொல்றான்."

கோபமாக இருக்கும்போது இப்படி ஒருவர் பேசிவிட்டால் என்னதான் செய்வது? என் கோபம் எங்கேயும் போகவில்லை, ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியவில்லை. எழுந்து போய், பீரோவின் கீழ்த்தட்டில் கிடந்த எண்ணெய் ஊறிய பழைய பதிவேட்டை எடுத்து வந்தேன். படிக்கிற நிலையில் இருக்கும்போதே இன்னொரு பிரதி எடுத்து வைக்கும்படி ஃபாதர் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்கு நேரமே கிடைக்கவில்லை.

"இதைப் பார்த்து எழுதுவீங்களா? சாதாரண நிப், என் மை மட்டும்தான். மினுக்கு கினுக்கு எதுவும் ஆகாது."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்தை ஐந்து நிமிடம் பார்த்தார். "செவ்வாய்க்கிழமை வரட்டுமாம்மா?" என்றார்.

அந்தக் கல்யாணப் பெண் சில வாரம் கழித்துச் சான்றிதழ் வாங்க வந்தாள். பதிவேட்டைப் பார்த்துவிட்டு, "ஐயோ ஆன்ட்டி, சூப்பரா இருக்கு, எங்களுக்காக ஸ்பெஷலா எழுதினீங்களா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அந்த வாரம் ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோது அந்தப் பொய்யையும் சேர்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று.

செவ்வாய்க்கிழமை தவறாமல் வருகிறார். ஒரு புது நிப் வாங்கி என் பேனாவில் மாட்டிக் கொடுத்தார். நான் அவர் கைகளைப் பார்த்தபடியே பக்கத்தில் நின்றிருந்தேன். கையெழுத்து அச்சு மாதிரி இருக்கிறது, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் முதல் அரை மணி பேனாவைத் துடைப்பதிலேயே போகும். பதிவேட்டில் எழுத்துப்பிழை இருந்தால் திருத்தியே தீருவேன் என்பார். அப்போது என்ன எழுதியிருந்தார்களோ அதைத்தான் எழுத வேண்டும் சார் என்று ஒவ்வொரு வாரமும் சொல்கிறேன். போன வாரம் ஒருவருடைய ஊர்ப் பெயருக்காக முக்கால் மணி சண்டை. ஃபாதர் கதவைச் சாத்திக்கொண்டார். நாலு மாதத்தில் பதினெட்டுப் பக்கம்தான் முடிந்திருக்கிறது, பதிவேட்டில் இன்னும் இருநூற்றுச் சொச்சம் இருக்கிறது.