காரவள்ளியில் ஏறிய குழந்தையும் என் காமா கருவியும்

போன மாதம் இரண்டாம் சனிக்கிழமை கொல்லிமலைக்குப் போனேன். எல்லோரும் அருவி பார்க்கப் போகிற மலைக்கு நான் பாறை பார்க்கப் போனேன். ஈரோட்டுப் பள்ளி ஒன்றில் இயற்பியல் ஆசிரியை நான். கைக்கடக்கமான காமா கதிர்க் கருவி ஒன்று வைத்திருக்கிறேன். கதிர் எந்தப் பொருளிலிருந்து வருகிறது என்பதைச் செல்போன் திரையில் கோடாகக் காட்டும். ஒவ்வொரு பொருளுக்கும் அந்தக் கோட்டில் தனித்தனி முகடு. கல்லைப் பார்க்க டிக்கெட் எடுத்துப் போகிறவள் நீ ஒருத்திதான் என்று வீட்டுக்காரர் கேலி செய்தார்.

நாமக்கல்லில் காலை 6.40க்கு பஸ். சோளக்காட்டுக்கு 50 ரூபாய். சேந்தமங்கலத்தில் ஏறி எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். 7.35க்கு அடிவாரமான காரவள்ளி. அங்கே கூட்டம் நெருக்கி ஏறியது. ஒரு வயதுக் குழந்தையோடு ஏறிய பெண்ணுக்கு இடமில்லை. எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் குழந்தையை வைத்துக்கொண்டு நிற்க முடியுமா? உட்கார்ந்திருப்பவர் வாங்கி மடியில் வைத்துக்கொள்வதுதான் பஸ் வழக்கம். முன் சீட்டுப் பெண் சற்றுத் தயங்கினார். அதற்குள் குழந்தை அவர் மடிக்கு வந்துவிட்டது.

மலை ஏறுகிறதே என்று கருவியைப் போட்டேன். கதிரின் அளவைக் காட்டும் எண் எகிறியது. பாறைதான் என்று குஷியாகிவிட்டேன். ஆனால் வளைவு திரும்பி, பாறை மறுபக்கம் போன பிறகும் எண் இறங்கவில்லை. மூன்று நிமிடத்தில் கோடு தெளிந்தது. பாறை என்றால் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் என்று பல முகடுகள் கலந்து வரும். இதில் ஒன்றுதான் ஓங்கி நின்றது, 364 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில். அயோடின்-131. எந்தப் பாறையிலும் இருக்காது. தைராய்டு புற்றுநோய்க்கு ஆஸ்பத்திரியில் கொடுப்பது; வாங்கியவர் உடம்பிலிருந்து சில நாள் கதிர் வெளியே வரும்.

கருவியை முன் சீட்டுப் பக்கம் நீட்டினால் எண் ஏறியது, இழுத்தால் இறங்கியது. எட்டிப் பார்த்தேன், அந்தப் பெண்ணின் முன்கழுத்தில் புதிய அறுவைத் தழும்பு. அதன் மேல் தலை சாய்த்துக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

ஜன்னல் காற்று பட்டால் நன்றாகத் தூங்கும் என்று ஏதோ சொல்லிக் குழந்தையை வாங்கினேன். கடைசி சீட்டில் ஒருவரிடம் கெஞ்சி இடம் மாற்றிக்கொண்டேன். எண் சரிந்தது. குழந்தையின் அம்மாவிடம் உண்மையைச் சொல்லவில்லை. கால் மணி நேரத்தில் பெரிய கெடுதல் வராது என்று எனக்குத் தெரியும். சொல்லியிருந்தால் அந்த நோயாளியைப் பாதி மலையில் இறக்கிவிட்டிருப்பார்கள். செய்தது சரிதானா என்று இன்னும் உறுத்துகிறது.

8.50க்கு சோளக்காடு. அந்தப் பெண் இறங்கியதும் தனியாகக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். ஒளிக்காமல் சொன்னார்.

"மூணு நாள் தனி ரூம்ல வெச்சிருந்தாங்க. உன் புள்ளய பத்து நாளைக்குத் தூக்காதேன்னாங்க. அதான் அக்கா ஊட்ல உட்டிருக்கேனுங்க."

"எந்தக் குழந்தையும் கூடாதுங்க."

அவர் முகம் வெளுத்துவிட்டது. "எம்புள்ளைன்னுதானுங்க சொன்னாங்க. எம்பட ரத்தம், அவளுக்குத்தான் ஒட்டும்னு நெனச்சேன்."

சொன்னதை அட்சரம் பிசகாமல் கேட்டவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அந்த நேரம் பழக்கடைப் பக்கமிருந்து நாலு வயதுப் பெண் ஒருத்தி பெரியம்மா கையை உதறிவிட்டு ஓடிவந்தாள். அக்கா அவளைக் கூட்டி வருவார் என்று இவர் எதிர்பார்க்கவில்லை போலும்; பையை முன்னால் பிடித்துக்கொண்டு பின்வாங்கி நடந்தார்.

"அங்கயே நில்லு சாமி. அம்மா அப்பறமா வாரேன், கிட்ட வராத கண்ணு."

அவள் நின்றாள். பிறகு அழுதாள். தூக்கத்தான் யாருக்கும் கை நீளவில்லை; பெரியம்மாவும் என்னைப் போலவே விறைத்து நின்றார்.

பாறைகளை அளந்தேன், சாதாரண அளவுதான். மலைக்குப் போகிறவர்கள் வளைவுகளுக்கு முன் வயிறு நிறையச் சாப்பிடாதீர்கள். திரும்பும் கடைசி பஸ்ஸை ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டு வையுங்கள். அயோடின் வைத்தியம் முடிந்து ஊர் திரும்புகிறவர்கள் எத்தனை நாள், எத்தனை அடி தள்ளி, யார் யார் குழந்தையிடமிருந்து என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். பஸ்ஸில் யாராவது குழந்தையை நீட்டினால் உடம்பு சரியில்லை, வாங்க முடியாது என்று சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொண்டால் கொள்ளட்டும்.