பட்டுவின் கதையில் விட்டுப்போன பெயர்

விஞ்ஞானக் கதைகளை வில்லன்களே சொல்வதுபோல் இங்கே எழுதிவருகிறேன் அல்லவா? போன வாரம் தரை துடைக்கும் ரோபோ ஒன்றைப் பேசவைத்திருந்தேன். மனிதர்களை ஒவ்வொருவராக வெளியே தள்ளிவிட்டுத் தனியாக நிற்கும் ரோபோ. படித்துவிட்டு அழுததாகப் பலர் கமெண்ட் போட்டீர்கள்.

அது பெங்களூரு வைட்ஃபீல்டில் உள்ள எங்கள் அலுவலகத்துக்கு வந்திருக்கும் ரோபோதான். எல்லோரும் ஓட்டுப் போட்டு ‘பட்டு’ என்று பெயர் வைத்தோம். குங்குமம் இட்டு, எலுமிச்சம்பழம்கூட நசுக்கினோம்.

இன்று மதியம், எங்கள் மாடியைத் துடைக்கும் அக்கா என் மேசைக்கு வந்தார். ஸ்ரீராம்புரத்துக்காரர். ஆறு வருடமாக அக்கா என்றே கூப்பிடுகிறேன்.

“உங்க கதைய என் பொண்ணு படிச்சிக் காட்டினா மேடம். பாவம் அந்த மிஷினு. எனக்கே அழுகை வந்துடுச்சி.”

சந்தோஷமாக நன்றி சொன்னேன்.

“அதுல ஒரு பொம்பளைக்கு வேலை போவுதே, அவ பேரு என்னா மேடம்? பொண்ணு தேடித் தேடிப் பாத்தா. எங்கயுமே இல்லயாம்.”

“வைக்கலக்கா” என்றேன்.

“பரவால்ல மேடம். இன்னியோட என்னை நிறுத்திட்டாங்க. அதான் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.”

அவர் கழுத்தில் தொங்கிய அட்டையை அவசரமாகப் பார்த்தேன். ‘ஹவுஸ்கீப்பிங்’ என்று மட்டும் இருந்தது.

வில்லனின் குரல் எனக்கு எப்படி இவ்வளவு இயல்பாக வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். பதில் கிடைத்துவிட்டது.

உங்கள் மாடியைத் துடைப்பவரின் பெயர் தெரிந்தவர்கள் மட்டும் கமெண்டில் வந்து என்னைத் திட்டலாம்.