கதிரேசன் வரைந்த இருட்டு

ஓவியர் கதிரேசன் இறந்த செய்தி போன செவ்வாய்க்கிழமை நம் ஓவியர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. சிறிது நேரத்திற்குள் நீங்கள் எல்லோரும் சேர்ந்து அவரை மகான் ஆக்கிவிட்டீர்கள். உழைக்கும் பெண்களுக்கு வெளிச்சம் தந்த தூரிகையாம். குன்றத்தூரில் ஒரே மாடியில் ஆறு வருடம் அவரோடு வரைந்தவன் நான். எனக்கு அழுகை வரவில்லை.

அவர் வேலை செய்யும் விதம் உங்களுக்குத் தெரியும். ஞாயிறு பகலில் ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடுவார். ஒரு பெண்ணை உட்காரவைத்து, கையில் மெழுகுவத்தியைக் கொடுத்து, எண்ணெய் வண்ணத்தில் வரைவார். பாதி முகம் பொன்னாக ஒளிரும், மீதி இருட்டில் கரைந்துபோகும். அந்த வித்தையில் இந்தப் பக்கத்தில் அவருக்கு இணை கிடையாது. அதை நான் மறுக்கவில்லை.

மாரியம்மாள் அப்படி உட்கார்ந்தவள். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை, இருங்காட்டுக்கோட்டையில் வாடகை அறை. வாரம் முழுக்க நின்றே வேலை பார்ப்பவள், உட்காருகிற வேலை என்று சந்தோஷமாகத்தான் வந்தாள். ஒருநாள் உருகிய மெழுகு அவள் விரல்களில் வழிந்தது. கையை உதறப் போனாள்.

"ஆடாதே, நிழல் மாறிடும்" என்றார் கதிரேசன். அவளைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் அன்றைய வேலையை முடித்த பிறகு நான்தான் போய்க் களிம்பு வாங்கி வந்தேன்.

படம் கண்காட்சிக்கு வந்தது. தலைப்பு 'அறியாமை'. மாரியம்மாள் இருப்பதில் நல்ல சுடிதாராகப் பார்த்து உடுத்திக்கொண்டு, அறைத்தோழிகளையும் கூட்டி வந்திருந்தாள். அவர்களில் ஒருத்தி தலைப்பை வாய்விட்டுப் படித்தாள். மாரியம்மாள் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துவிட்டு நேராக அவரிடம் போனாள்.

"எங்க ரூம்ல டியூப்லைட் எரியுது சார். நான் டிப்ளமா படிச்சிருக்கேன். என்னைய எதுக்கு இப்படி இருட்டுல வச்சிருக்கீய?"

"உன் மூஞ்சிக்கு டியூப்லைட் போட்டா எவன்மா நின்னு பார்ப்பான்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். உங்களில் சிலரும் அங்கே இருந்தீர்கள்.

மாரியம்மாள் சுவரிலிருந்த தலைப்பு அட்டையை உரித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு தோழிகளோடு வெளியேறினாள். மறுநாள் காலை கதிரேசன் என்னிடம் புது அட்டை எழுதித் தரச் சொன்னார். என் கையெழுத்து அழகாக இருக்கும். எழுதிக் கொடுத்தேன்.

அவருடைய ஓவியங்களையும் பெருமையையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அவர் விட்டுப்போனது, அவர் கேட்டதும் மறுபேச்சில்லாமல் அந்தச் சொல்லை எழுதிய இந்தக் கைதான்.